68 டிகிரியில் நின்ற கறி

தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மதியம் 12 மணி. மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 200 லிட்டர் டிரம் ஒன்றை வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டி, கம்பி வலை போட்டு, மூடிக்குக் கைப்பிடி வைத்து நான் செய்த புகைப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எலும்போடு இரண்டரை கிலோ செம்மறி முன்னந்தொடை. காலை 7 மணிக்கு வைத்தது. கறிக்குள் குத்தியிருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் பத்தரைக்கு 68 காட்டியது. பதினொன்றே காலுக்கு 68. இப்போதும் 68.

கீழே பதினோரு பேர் பசியோடு இருக்கிறார்கள். மச்சான் மேலே வந்து டிரம்மைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“மாப்ள, வெந்துருச்சா இல்லையா? இல்லைன்னா இப்பவே சொல்லிரு, பார்சல் வாங்கிட்டு வந்துர்றேன்.”

“68லயே நிக்குது மச்சான்.”

“மெசினு செத்துருச்சுடா.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். தொழில்புத்தி. எது ஓடவில்லை என்றாலும் முதலில் அணைத்துப் போடுவது. அணைத்துப் போட்டேன், 68. பேட்டரி மாற்றினேன், 68. ஃபிரிட்ஜில் இருந்த ஐஸைத் துணியில் சுற்றி இடித்து, டம்ளர் நிறைய அடைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன். குச்சியை அடியிலும் ஓரத்திலும் படாமல் நடுவில் பிடித்து, கலக்கி, ஒரு நிமிஷம் காத்திருந்தால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். என்னுடையது 0.4 காட்டியது. அடுத்து கொதிக்கும் தண்ணீர். மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான் என்பதால் இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 99.7இல் கொதிக்கும். தெர்மாமீட்டர் 99.5 என்றது. மெஷின் சாகவில்லை. பக் கோடில் இல்லை, எனக்குப் புரிந்திருந்ததில் இருந்தது.

பெரிய கறித்துண்டைக் குறைந்த சூட்டில், 110 டிகிரி வாக்கில், மணிக்கணக்காகப் புகையில் வேகவைக்கும் அமெரிக்கர்களுக்கு இந்த இடம் பல தலைமுறைகளாகத் தெரியும். 65இலிருந்து 75க்குள் ஏதோ ஒரு புள்ளியில் கறியின் உள்சூடு ஏறாமல் நின்றுவிடும். சில சமயம் நான்கைந்து மணி நேரம். கொழுப்பு உருகுவதால் சூடு அதில் போய்விடுகிறது என்றார்கள், சவ்வு ஜெலட்டினாக மாறுவதில் செலவாகிறது என்றார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் 2010 வாக்கில் சோதனை செய்து பார்த்துச் சொன்ன பதில் ரொம்ப எளிமையானது: கறி வியர்க்கிறது. மேலே வரும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நெருப்பு கொடுக்கும் சூடும் ஆவி கொண்டுபோகும் சூடும் சமமாகிற வரைக்கும் எண் நகராது.

இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் ஊரே மானாமதுரைப் பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்திருக்கிறோம். பானையின் மேல் கசிகிற ஈரம் காற்றில் போகிறது, உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகிறது. அதே கணக்கு. பானையைத் தூக்கி 110 டிகிரி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆவியை நிறுத்தினால் சூடு ஏறும். அதற்கு அவர்கள் தாளில் சுற்றுகிறார்கள். நான் வாழை இலையை அனலில் வாட்டி, இரண்டு அடுக்கு சுற்றி, மேலே அலுமினியத் தாளும் போட்டு உள்ளே தள்ளினேன். அரை மணியில் 71. மச்சானைக் கீழே அனுப்பி, எல்லாரையும் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கச் சொன்னேன்.

அன்றைக்கு மிச்சமிருந்த இரண்டரை மணி நேரத்தில் யோசித்த விஷயம்தான் இந்தக் கட்டுரை. ஒரு எண் எப்படி கறிக்குள் போனது? அந்த எண்ணைக் காட்டும் கருவி எங்கேயிருந்து வந்தது? இரண்டாவது கேள்விக்கு நான் எதிர்பார்க்காத பதில் எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் மூன்று மணி நேரத்தில் இருந்தது.

முதலில் எண் இல்லாத காலம். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்து ஒன்று வருகிறது. இரும்புக் கம்பியில் கோர்த்துச் சுட்ட கொழுத்த கறியைப் பொருநர்கள் தின்கிறார்கள். சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மாற்றி மாற்றி ஆற்றிக்கொள்கிறார்கள். முடத்தாமக்கண்ணியார் நிச்சயம் அப்படி ஒரு துண்டைத் தின்றவராகத்தான் இருக்க வேண்டும். நாக்குதான் அங்கே தெர்மாமீட்டர், அதுவும் காலம் கடந்து சொல்லும் தெர்மாமீட்டர்.

எங்கள் அப்பத்தாவுக்கு விரல். உப்புக்கண்டத்துக்குக் கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிக் கொடியில் காயப்போடும். தினமும் ஒரு துண்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்க்கும். “இன்னும் ரெண்டு வெயிலு வேணும்யா” என்று சொல்லிவிட்டுப் போய்விடும். வெயிலை எண்ணிக்கையாக வைத்திருந்தது கவனிக்க வேண்டிய விஷயம். டிகிரி இல்லை, ஆனால் அலகு இருந்தது.

திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு, 1930களில் காரைக்குடியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரர்கள் திரும்பி வருவார்கள். ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும், விடிகாலையில் சாமிக்குப் படைத்துவிட்டு ஊருக்கே கொடுப்பார்கள். மூடியின் மேல் கங்கு அள்ளிப்போட்டு தம் கட்டும்போது யாரும் எந்தக் குச்சியையும் உள்ளே விடுவதில்லை. மூடி ஓரத்தில் வருகிற ஆவியின் வாசனை போதும்.

ஆனால் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தவர்கள் கரிமூட்டம் போடுகிறவர்கள். விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் சாலையோரம் பார்க்கலாம். சீமைக்கருவேலக் கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, இலைதழை போட்டு, மண்ணால் மூடி, ஓட்டைகள் விட்டு உள்ளே தீ வைப்பார்கள். நாள்கணக்கில் எரிய வேண்டும், ஆனால் எரிந்துவிடக் கூடாது. காற்று கொஞ்சம் கூடினால் கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். உள்ளே எத்தனை டிகிரி என்று அவர்களுக்குச் சொல்வது புகைதான். கட்டையில் ஈரம் இருக்கும்வரை புகை கெட்டியாக வெள்ளையாக வரும். போகப்போக மெலிந்து நீலம் தட்டும். அந்த நேரம் பார்த்து ஓட்டையை அடைக்க வேண்டும். ராத்திரி தூங்காமல் ஒரு ஆள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். டெக்ஸஸில் கறியைப் புகைபோடுகிறவர்களும் இதே இரண்டு நிறத்தைத்தான் பேசுகிறார்கள்: வெள்ளைப் புகை கறியைக் கசக்கவைக்கும், மெல்லிய நீலப் புகை வந்த பிறகு கறியை வை.

இன்னொரு வேடிக்கை. அவர்கள் பெருமையாகச் சொல்லும் மெஸ்கீட் விறகும் நம்மூர் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். அமெரிக்கக் கண்டத்து மரம் 1877இல் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டு, பிறகு தெற்கே பரவி, கண்மாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வெட்டி அகற்றச் சொல்லி உத்தரவே போட்டது. அந்தக் கரிதான் என் டிரம்மில் எரிகிறது. நல்ல கரி. மரத்தின் மேல் கோபம் இருக்கிறவர்களும் கரியைக் குறை சொல்லமாட்டார்கள்.

சரி, எண் எப்படி வந்தது? ஃபாரன்ஹீட் 1714இல் கண்ணாடிக்குழாயில் பாதரசத்தை நம்பகமாக அடைத்துக் காட்டினார். 1742இல் செல்சியஸ் நூறு பாகமாகப் பிரித்தார் (தண்ணீர் கொதிப்பதைப் பூஜ்ஜியம் என்றும் உறைவதை நூறு என்றும் வைத்திருந்தார், பின்னால் வந்தவர்கள்தான் திருப்பிப் போட்டார்கள்). மனித உடம்புக்குள் அந்தக் குழாய் சாதாரணமாகப் போக இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1867 வாக்கில் இங்கிலாந்து டாக்டர் கிளிஃபர்ட் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகக் குறுக்கிய பிறகுதான் அது டாக்டர் பையில் ஏறியது. ஆட்டுக்கறியின் முறை, அதாவது மாட்டுக்கறியின் முறை, 1907இல். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஸ்ப்ரேக், கிரிண்ட்லி என்ற இருவர் மாட்டுக்கறியைத் துல்லியமாக வாட்டுவது பற்றி ஒரு வெளியீடு போட்டார்கள். அடுப்பில் எத்தனை நிமிஷம் என்று கேட்காதே, கறியின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகி அது என்ன சொல்கிறது என்று பார் என்பது அதன் சாரம். இன்றைக்கு மொட்டை மாடியில் நான் செய்வதும் அதேதான்.

அப்போது செருகியது பாதரசக் கண்ணாடி. எனக்குத் தெரிந்த பாதரசம் எட்டாம் வகுப்பு ஆய்வுக்கூடத்தில் உடைந்த ஒன்று. வாத்தியார் வருவதற்குள் நாங்கள் நாலு பேர் அதை உள்ளங்கையில் உருட்டி, பெஞ்சில் தட்டிச் சிதறடித்து, திரும்பச் சேர்த்து விளையாடினோம். அது காய்ச்சல் பார்க்கும் குழாயைவிடப் பெரியது. காய்ச்சல் குழாயில் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். ஒரு கிராம் என்று கேட்டால் ஒன்றுமில்லை மாதிரி இருக்கிறது. லட்சக்கணக்கில் செய்கிற இடத்தில் வேலைபார்த்தால்?

அந்த இடம் கொடைக்கானல். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலையை மூடிவிட்டு, சீஸ்ப்ரோ பாண்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அதைக் கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலைக்குக் கொண்டுவந்தது. அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். பாதரசமும் கண்ணாடியும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தன. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் ஏற்றுமதியாயின. நம் வீட்டுப் பீரோவுக்கு வந்ததைவிட வெளிநாட்டு வாய்களுக்குப் போனதுதான் அதிகம். பாண்ட்ஸ் யூனிலீவரிடம் போனது, 1998இல் இந்தியப் பாண்ட்ஸ் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. ஆலைக்குப் பின்னால் சரிவாக இறங்குவது பாம்பாறு சோலை. அங்கிருந்து வருகிற தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் சமவெளிக்கு வருகிறது. கல்லூரிக் காலத்தில் கும்பக்கரையில் குளிக்காத மதுரைப் பையன் உண்டா?

2001 மார்ச் மாதம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது. ஏழு டன்னுக்கும் மேல், பாதரசம் ஒட்டியபடி. ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் அதை வெளியே கொண்டுவந்தார்கள். மார்ச் 7 அன்று நூற்றுக்கணக்கான பேர் ஆலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். அதோடு ஆலை நின்றது, திரும்பத் திறக்கவே இல்லை. கண்ணாடிக் கழிவு தன் விதிமுறைகளை மீறி வெளியே போனதை நிறுவனம் ஒத்துக்கொண்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு டிரம்களில் அடைக்கப்பட்டு, மலையிறங்கி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே மறுசுழற்சிக்குப் போனது. குப்பை ஏழை நாட்டுக்கு வருவதைத்தான் நாம் வழக்கமாகப் படித்திருக்கிறோம். திரும்பிப்போன கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மண் திரும்பிப் போகவில்லை. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் சுத்தம் என்று சொல்லலாம் என்பதில் சண்டை வருஷக்கணக்காக நடந்தது. 20 மில்லிகிராம் என்று இங்கே அதிகாரிகள் வைத்த அளவு, ஐரோப்பாவில் என்றால் ஏற்பார்களா என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். இதுவும் ஒரு அளவீட்டுப் பிரச்சினைதான், கவனியுங்கள். கருவி சரியாகக் காட்டுகிறது. எந்த எண்ணில் நிறுத்துவது என்பதில்தான் தகராறு.

உடம்பில் அந்த எண்ணும் கிடையாது. சிறுநீரகம், நடுக்கம், கருச்சிதைவு என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆலையில் வேலை பார்த்ததால் யாருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. 2006இல் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். பாதரச ஆவிக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கரிமூட்டத்துப் புகை மாதிரி வெள்ளை, நீலம் என்று பார்த்து ஓட்டையை அடைக்க முடியாது. வேலைபார்க்கும் காலத்தில் அளந்து எழுதி வைக்காவிட்டால், பத்து வருஷம் கழித்து எந்தக் கோர்ட்டில் எதை வைத்து நிரூபிப்பது? நான் வேலை பார்க்கும் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால் லாக் எடுத்துப் பார்ப்போம். லாக் இல்லாத கோளாறை என்ன செய்வீர்கள்? எனக்கு இந்த வழக்கில் கோபம் வருகிற இடம் இதுதான். உலகத்துக்கே உடல்சூட்டை அளந்து கொடுத்தவர்களின் சொந்த உடம்பை யார் எப்படி அளந்தார்கள் என்பதே தகராறாக நின்றது.

2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜ் பாட்டின் மெட்டில் ஒரு ராப் பாடி வெளியிட்டார். நம்மில் பலர் கொடைக்கானல் விஷயத்தைக் கேள்விப்பட்டதே அப்போதுதான், நானும் அப்படியே. நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. ஆலை மூடிப் பதினைந்து வருஷம் கழித்து.

இதற்கிடையில் உலகம் பாதரசத்தையே கைவிட ஆரம்பித்திருந்தது. 2000 வாக்கிலேயே அமெரிக்க நகரங்கள் பாதரசத் தெர்மாமீட்டர் விற்பதைத் தடைசெய்யத் தொடங்கின. 2013இல் மினமாட்டா ஒப்பந்தம், 2018இல் இந்தியாவும் அதை உறுதிசெய்தது. அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் இன்று நம் கையில் இருக்கிற குச்சிகள். கொஞ்சம் யோசித்தால், என் மொட்டை மாடியில் இது இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் அந்தக் கண்ணாடிக் குவியலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

குச்சிக்குள் இருக்கும் அறிவியலும் பழசுதான். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்பைச் சூடாக்கினால் சின்ன மின்சாரம் பிறக்கும் என்பதை 1821இல் சீபெக் பார்த்தார். அது தெர்மோகப்பிள். சூடு ஏறினால் சில பொருள்களில் மின்தடை குறைகிறது என்பதை 1833இல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் பார்த்தார். அது தெர்மிஸ்டர். மலிவான பெரும்பாலான கறித் தெர்மாமீட்டர்களில் இருப்பது இரண்டாவது. சமையல் சூட்டுக்குத் துல்லியம் போதும், கொஞ்சம் மெதுவாகச் சொல்லும். குத்தியதும் இரண்டு மூன்று நொடியில் எண் வேண்டுமென்றால் தெர்மோகப்பிள், விலை கூட.

வாங்குகிறவர்களுக்கு நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் கடைவாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி வேண்டாம். அது மேல்தோலின் சூட்டை மட்டும் பார்க்கும். மதுரை வெயிலில் பைக்கில் வந்தவர்களுக்கெல்லாம் அது காய்ச்சல் காட்டியது ஞாபகம் இருக்கும். கறிக்கு நடு வேண்டும். கம்பி வைத்த இரட்டைக் குச்சி வாங்குங்கள், ஒன்று கறிக்குள், ஒன்று வலைமேல். டிரம் மூடியில் திருகியிருக்கும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள், அது மூடியின் சூட்டைச் சொல்கிறது, கறி இருப்பது ஒரு அடி கீழே. வலைமேல் வைக்கும் குச்சியைக் கறிக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால், வியர்க்கிற கறியின் குளிர்ச்சியால் அது குறைத்துச் சொல்லும். கம்பியில்லாத வகை வசதிதான், ஆனால் சிக்னல் இரும்பு டிரம்மைத் தாண்டி வரத் திணறும். மூன்றாம் தட்டில் இருந்து போனில் பார்க்கலாம் என்று கனவு காணவேண்டாம்.

பழுதில் பாதி, குச்சியைத் தண்ணீரில் முக்கிக் கழுவுவதால் வருவது. உலோகக் குழாயும் கம்பியும் சேர்கிற கழுத்து வழியாக ஈரம் உள்ளே போய்விடும். அப்புறம் எண் தாறுமாறாகக் குதிக்கும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் சிலது பிழைக்கும் (அப்பத்தா கணக்கில் ரெண்டு வெயிலு). ஒரு கம்பெனி குச்சி போனால் இன்னொரு கம்பெனி குச்சியை வாங்கிச் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், எண் வரும், எண் தப்பாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தெர்மிஸ்டருக்கும் தடை மாறும் கணக்கு வேறு. வேலையே செய்யாத கருவியைவிட இது ஆபத்து. கோழிக்கு 74 வர வேண்டும் என்று காத்திருந்து, பொய்யான 74இல் எடுத்துப் பரிமாறினால் அடுத்த நாள் தெரியும். எலும்பில் முனை பட்டாலும் பொய்தான், கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், எண் மாறினால் இடம் சரியில்லை.

கொடைக்கானலில் இருந்து யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: கொதிதண்ணீர் சோதனையில் உங்களுக்கு நூறு வராது. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நல்ல தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐஸ் சோதனை எல்லா ஊருக்கும் ஒன்று.

மூன்று மணிக்கு 93 வந்தது. எனக்கு மலைமேல் தண்ணீர் கொதிக்கிற எண். எலும்பைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ரசம் சோறு சாப்பிட்டவர்களும் திரும்ப உட்கார்ந்தார்கள். மச்சான் பேசாமல் மூன்று தடவை வாங்கினார். அப்பத்தா ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, “உப்பு கம்மி” என்றது.

ராத்திரி அம்மா பீரோவைத் திறந்து அந்தப் பழைய பிளாஸ்டிக் குழாயைக் காட்டியது. உள்ளே கண்ணாடித் தெர்மாமீட்டர். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து இருப்பது, உடையவில்லை. “உன் மெசினு ஒரு தடவைக்கு ஒரு தடவை மாத்திக் காட்டுது, இதுதான் சரியாக் காட்டும்” என்று மூன்று உதறு உதறி நெற்றிக்கு நேரே வைத்துப் பார்த்தது. பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டின் அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லியிருந்தன. மறுநாள் காலையில் குப்பை வண்டி அக்காவிடம் கேட்டேன்.

“இதை நான் எங்க தம்பி போட?” என்றார்.

திரும்ப பீரோவிலேயே வைத்திருக்கிறேன், சேலைகளுக்கு நடுவில், உடையாத இடமாகப் பார்த்து.